ஓரகத்தியின் மடி

பொறாமைக்கும் ஒரு நேரம் காலம் உண்டென்றால், யசோதினியின் பொறாமைக்கு அது கடைசி நிறுவை முடிந்து பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரம். காலையில் அவளுக்கு அந்த நோய் கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு பனி சொட்டும் தேயிலைக்குள் இறங்கும்போது அவளும் மற்றவர்களைப் போல ஒருத்திதான். சிரிப்பாள், ஏசுவாள், வெற்றிலைக்குக் கை நீட்டுவாள். பொழுது சாயச் சாயத்தான் அவள் வயிற்றில் அடுப்பு மூளும்.

பூனாகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் கடைசி வளைவுக்கு அப்பால் இருக்கிறது அந்தத் தோட்டம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பிள்ளைக் காம்பரா உண்டு. ஐந்து வயது நிரம்பிய ஆர்த்திகா, யசோதினியின் ஒரே மகள், அங்கேதான் இருப்பாள். அந்தப் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளி துஷாந்தினி. யசோதினியின் புருஷன் கிருஷ்ணராஜுக்குத் தம்பி பெண்சாதி. அதாவது, யசோதினிக்கு ஓரகத்தி. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில் பக்கத்துக் காம்பரா. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

அன்றும் யசோதினி ஓடித்தான் வந்தாள். மற்றவர்கள் நிறுவையடியிலேயே அவிழ்த்துச் சுருட்டிவிடும் படங்கைக்கூட அவள் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. தேயிலை வாது சேலையைக் கிழிக்காமல், பனி உடம்பை நனைக்காமல் சுற்றிக்கொள்ளும் தடித்த பொலித்தீன் விரிப்பு அது. மலைக்காரிகளுக்கு அது உடம்பின் தோல் மாதிரி. மூச்சு வாங்க அவள் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே ஆர்த்திகா துஷாந்தினியின் மடியில் தலை சாய்த்துப் படுத்திருந்தது. கையில் சிவப்புப் போத்தல் மூடி ஒன்று. அதை வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டித் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா! அம்மா வந்துட்டேன்டி, வா!"

பிள்ளை சிரிப்பை நிறுத்தியது. இரண்டு கையாலும் காதைப் பொத்தியது. வீல் என்று ஒரு சத்தம் போட்டு முகத்தைத் துஷாந்தினியின் வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டது.

மற்றப் பிள்ளைகள் அத்தனையும் "அம்மா, அம்மா" என்று தத்தம் தாய்மாரின் காலைக் கட்டிக்கொண்டிருந்தன. பெற்ற மகள் தன்னைக் கண்டு பேயைக் கண்டது போல ஒளிவதை அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது யசோதினிக்கு.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்றப்போ..." என்று துஷாந்தினி மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னா சொல்லப் போற? எப்படிப் புள்ள வளர்க்கிறதுன்னா? பெத்தவளுக்கே பாடமா?"

யசோதினி பிள்ளையைப் பிடுங்கித் தூக்கினாள். அது திமிறியது, கத்தியது, அவள் கன்னத்தில் கீறியது. லயம் வரைக்கும் அந்தக் கத்தல் ஓயவில்லை.

இப்படித்தான் பல மாதம்.

யசோதினியின் கதையைச் சொல்வதானால், அவள் யாரையும் பார்த்து ஏங்கிப் பழகாதவள் என்றுதான் தொடங்க வேண்டும். தாயில்லாப் பிள்ளை. சித்தப்பன் வீட்டில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கூடை தூக்கியவள். வெலிமடையிலிருந்து கொழும்புக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் போகும் லொறியில் வேலை செய்த கிருஷ்ணராஜ் அவளைக் கட்டியபோது, உலகமே தன் காம்பராவுக்குள் வந்துவிட்டதாக நினைத்தாள். அவன் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். அதற்கும் அவள் முகம் கோணியதில்லை.

கொழுந்தன் கல்யாணத்தோடுதான் எல்லாம் மாறியது. ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்த மணப்பெண் துஷாந்தினி ஏ.எல். பரீட்சை வரை படித்தவள். வந்த வருஷமே பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. வெயில் படாத வேலை. அட்டை கடிக்காத வேலை. கையில் குடை, தோளில் பை, காலில் தோல் செருப்பு. கங்காணிகூட "டீச்சர்" என்று கூப்பிட்டான். யசோதினி அதையெல்லாம் கண்ணால் பார்த்து மனதில் போட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் தராசின் இந்தத் தட்டில் அவளிடம் ஒன்று இருந்தது. அவளுக்கு ஆர்த்திகா இருந்தாள். துஷாந்தினிக்கு வருஷங்கள் போயும் வயிறு திறக்கவில்லை. 'உனக்கு என்னதான் இருந்தாலும் இது இல்லையே' என்று ஒரு சின்னத் திமிர். அந்தத் திமிரில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

ஆர்த்திகா பேச வேண்டிய வயதில் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை. செருப்புகளை வரிசையாக அடுக்கியது. யாராவது ஒன்றைத் தொட்டால் தலையைச் சுவரில் மோதியது. முனி பார்த்துவிட்டது என்றார்கள். கயிறு கட்டினார்கள், திருநீறு போட்டார்கள். கடைசியில் மருத்துவிச்சி நோனா சொல்லி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டொக்டர் அந்தப் பெயரைச் சொன்னார்: ஓட்டிசம். அது நோயில்லை, பிள்ளையின் மூளை உலகத்தை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது, பொறுமையாகப் பழக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யசோதினி அழுதாள். பிள்ளை ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்து வேன் வந்தது. விரிவுரையாளர் மதுசூதனன் யாழ்ப்பாணத்துக்காரர். அவரோடு வெலிமடைக்காரி ஷஹீலா என்று ஒரு மாணவி. தோட்டங்களில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவிலேயே வைத்து, விளையாட்டு மூலமாகப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்படுத்த முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது.

"இதில எங்களுக்கு மட்டும் வேலை இல்லை பாருங்கோ," என்றார் அவர், பெற்றோரைக் கூட்டி வைத்து. "நாங்கள் கிழமைக்கு ஒருக்கா வந்திட்டுப் போறாக்கள். மிச்ச நாள் முழுக்கப் பிள்ளையோட இருக்கிறது நீங்கள்தான். அம்மாமாரும் வந்து கூட இருந்தால்தான் இது சரிவரும்."

அம்மா வந்து இருப்பதென்றால் அரைப்பேர் போகும். அரை நாள் கூலியை விட்டால் அந்த மாதத்துக் கடைப் பாக்கிக்கு யார் பதில் சொல்வது? யசோதினியால் முடியவில்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் துஷாந்தினி உட்கார்ந்தாள். படம் காட்டினாள், கை தட்டினாள், பிள்ளையோடு தரையில் உருண்டாள். ஷஹீலா எல்லாவற்றையும் கெமராவில் பிடித்தாள்.

மலையில் கருப்பம்மா இருந்தாளே, அவள் வாய்க்கு ஓய்வே கிடையாது. பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்:

"ஏ யசோ, ஒன் மகளுக்கு ரெண்டு அம்மாவாமே?"

"என்னாடி ஒளர்ற?"

"அந்த வேன்ல வர்ற புள்ள இருக்குல்ல, வெலிமடக்காரி, அது துஷாந்திகிட்ட 'உங்க மக நல்லாப் பழகுறா'ன்னு சொல்லிச்சாம். அவ இல்லங்கலையாம்ல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யசோதினியும் சிரித்தாள். அன்று அவள் பறித்த கொழுந்தெல்லாம் முற்றல். நிறுவையில் கங்காணி ஏசிய ஏச்சு அவள் காதில் ஏறவில்லை. 'இல்லங்கலையாம்ல' என்ற ஒரே சொல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தது. மலையிலும் நினைத்தாள், அடுப்படியிலும் நினைத்தாள். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். குடை வேண்டாம், தோல் செருப்பு வேண்டாம். ஒரே ஒரு நாள், மற்றப் பிள்ளைகளைப் போலத் தன் பிள்ளையும் எல்லோர் கண் முன்னாலும் தன்னிடம் வர வேண்டும். அது போதும். அதைத்தான் அந்தப் படித்தவள் திருடிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. யசோதினி பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது லயத்தில் ஒரே கூச்சல். ஓடி வந்து பார்த்தால், காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் துஷாந்தினி பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரிக்கிறாள். கிருஷ்ணராஜ் வெற்று மேலோடு துள்ளுகிறான்.

"யசோ! பாப்பா பேசிருச்சு! 'தா'ன்னு கேட்டிருச்சு! சித்திகிட்ட 'தா'ன்னு கேட்டிருச்சு!"

மகள் வாயிலிருந்து பிறந்த முதல் சொல். ஒன்பது மாதம் சுமந்தவள் பீலியடியில் சவர்க்கார நுரையோடு நிற்க, அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டவள் பக்கத்துக் காம்பராக்காரி!

"எல்லாம் துஷாந்திப் புள்ள பட்ட பாடுதான்," என்றான் கிருஷ்ணராஜ், ஒன்றும் அறியாதவனாக. "அதுக்குக் கோயில்தான் கட்டணும்."

"கட்டுங்க!" என்றாள் யசோதினி. குரல் அவளுடையதாகவே இல்லை. "கோயில் கட்டுங்க, தேர் இழுங்க! ஏ துஷாந்தி, சொந்தமா ஒண்ணப் பெத்துக் கொஞ்சத் துப்பில்லாம எம் புள்ள மேல எதுக்குடி கண்ணு வச்ச? மலட்டு மடிக்கு எம் புள்ளதான் கெடச்சிச்சா?"

பிஸ்கட் துஷாந்தினியின் கையிலிருந்து விழுந்தது. அவள் அழவில்லை. எழுந்து தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவின் மேல் ஒரு முறை காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது யசோதினிக்கு, அதே கதவில் தலையை மோதி அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை, பிள்ளையையும் அனுப்பவில்லை. ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று கருப்பம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்று முழுவதும் பிள்ளை வாசற்படியில் நின்று பிள்ளைக் காம்பரா இருக்கும் திசையையே பார்த்தது. யசோதினி ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்; தொடவில்லை. போத்தல் மூடி பொறுக்கிக் கொடுத்தாள், வீசிவிட்டது. திருடியை விரட்டியாயிற்று, திருட்டுப் போனது மட்டும் திரும்பி வரவில்லை.

புதன்கிழமையும் அவள் வேலைக்குப் போகாமல் இருந்தபோது மதுசூதனன் தனியாக வந்தார். இஸ்தோப்பில் பலகை போட்டு உட்கார வைத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். ஏசுவார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"நீங்கள் விலகிறது உங்கட உரிமை, யசோதினி. நான் மறிக்க வரேல்லை," என்றார் அவர். "ஆனால் விலகினால், பிள்ளையைப் பிடிச்ச வீடியோ எல்லாத்தையும் அழிக்க வேணுமோ எண்டு கேக்கிறது எங்கட முறை. என்னத்தை அழிக்கிறம் எண்டு ஒருக்காப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ."

"அழிச்சிருங்க சேர். நான் பார்க்கத் தேவையில்ல. அவ மடியில எம் புள்ள கெடக்கிறத நான் தெனம் பார்க்கிறேன்."

"பின்னேரங்களில எடுத்ததும் இருக்கு. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போறது."

அவள் முகம் சிவந்தது. தன் அவமானத்தையுமா படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்! மறுக்க வாயெடுப்பதற்குள் அவர் மடிக்கணினியைத் திறந்துவிட்டார்.

திரையில் பிள்ளைக் காம்பரா. ஆர்த்திகா தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்குகிறது. பக்கத்தில் துஷாந்தினி பாய் சுருட்டுகிறாள். வாசலில் யாரும் இல்லை. யசோதினி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. சரக், சரக், சரக், சரக். தகரத்தில் எதையோ தேய்ப்பது போல. அது கிட்டக் கிட்ட வந்தது. பிள்ளையின் கைகள் காதுக்குப் போயின. உடம்பு குறுகியது. வாசலில் இன்னும் யாரும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

"அது என்னா சேர் சத்தம்? மெசின் பழுதா?"

மதுசூதனன் அவளைப் பார்த்தார். "தெரியேல்லையோ?"

திரையில் துஷாந்தினி பாயைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிள்ளையை அணைத்தாள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"பயப்படாத தங்கம். படங்குச் சத்தம்டா அது. அம்மா வர்றாங்க. ஒங்கம்மாதான். அம்மா வர்றாங்கல்ல? அம்மாகிட்டப் போகணும். அம்மா, அம்மா, சொல்லு..."

அதற்குப் பிறகுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வேர்வை, அவசரம், இடுப்பைச் சுற்றிப் பொலித்தீன். ஒவ்வொரு அடிக்கும் அது சரசரத்தது. இத்தனை வருஷம் இடுப்பில் கட்டியிருந்தும், யசோதினி அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்டது அன்றுதான்.

அவர் இன்னொரு நாளைப் போட்டார். அதே சத்தம், அதே கை, அதே அணைப்பு. "அம்மா வர்றாங்க." மற்றொரு நாள். "அம்மாடா. நம்ம அம்மா." எல்லா நாளும், அவள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே, அவள் திருடி என்று நினைத்தவள் அவளுக்காக அந்தச் சின்னக் காதில் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"சில பிள்ளைகளுக்குச் சில சத்தங்கள் ஊசி குத்தின மாதிரி இருக்கும்," என்றார் மதுசூதனன். "துஷாந்தினி இதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டா. உங்களிட்டச் சொல்லிட்டா எண்டுதான் நான் நினைச்சன்."

சொல்ல வந்தாளே! எத்தனை முறை 'அக்கா, ஒண்ணு சொல்லட்டா' என்று வந்தாள்! படங்கு கட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை காதைப் பொத்துவதில்லை என்பது யசோதினிக்கும் தெரியும். பக்கத்துக் காம்பராவில் சித்தி இருக்கும் சந்தோஷத்தில்தான் அப்படி என்று அதற்கும் ஓரகத்தி மேலேயே வயிறெரிந்தவள் அவள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்து உருண்டது. மதுசூதனன் எழுந்து முற்றத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அழிக்காதீங்க சேர்," என்றாள் கடைசியில். "ஒண்ணையும் அழிக்காதீங்க."

அன்று பின்னேரம் அவள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். பிள்ளைகளெல்லாம் போய்விட்டிருந்தன. துஷாந்தினி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"துஷா... நான் அன்னைக்குச் சொன்னது..."

"சொன்னது சொன்னதுதானேக்கா." துஷாந்தினி திரும்பவில்லை. "நம்ம மாமியாரு சொல்லியிருக்காங்க. ஊர்ல சொல்லியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லாம இருந்தீங்க. இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க."

காலில் விழலாமா என்று பார்த்தாள் யசோதினி. விழுந்தால் அந்தச் சொல் திரும்பி வந்துவிடுமா? நின்றாள், நின்றாள், ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தாள்.

"நாளையிலருந்து பாப்பாவ அனுப்புறேன்."

"அனுப்புங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவசரத்தில் என்றைக்காவது அவிழ்க்க மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், மறுநாளிலிருந்து யசோதினி படங்கையே விட்டுவிட்டுப் பழைய பருத்திச் சேலையை நாலாய் மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பொழுது ஏறுவதற்குள் அது பனியை உறிஞ்சிக் கல் மாதிரி கனத்தது. தொடையெல்லாம் விறைத்தது. "படங்க வித்துட்டியாடி?" என்று கருப்பம்மா கேலி செய்தாள். கங்காணி, காய்ச்சல் வந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றான். வியாழக்கிழமைகளில் அரைப்பேரை விட்டுவிட்டு ஷஹீலாவோடும் துஷாந்தினியோடும் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் பிள்ளையோடு பேசினார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை.

பிள்ளை காதைப் பொத்துவதை நிறுத்தியது. ஆனால் அவளிடம் வரவில்லை. வாசலில் தாய் வந்து நின்றால் ஒரு பார்வை, மறுபடி மூடிகள். துஷாந்தினியின் மடியைக் கண்டால் யசோதினிக்கு இப்போதும் எரிந்தது. உண்மை தெரிந்த பிறகும் எரியும் என்று அவள் நினைக்கவில்லை. முன்னே கோபத்தோடு எரிந்தது, இப்போது வெட்கத்தோடு எரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பதுளை மாரியம்மன் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மழை விட்ட பின்னேரம். தாய்மார் கூட்டமாக வாசலில் நிற்கிறார்கள். யசோதினி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே ஓரமாக நின்றாள். கூப்பிடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

ஆர்த்திகா எழுந்தது. பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை. யசோதினியின் மணிக்கட்டைப் பிடித்தது. எட்டாத உயரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயின் பக்கம் அந்தக் கையை இழுத்தது.

"யம்மாடி!" என்றாள் கருப்பம்மா. அவளுக்குக்கூட வேறு சொல் வரவில்லை.

யசோதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோர் கண் முன்னாலும்! தன் பிள்ளை! அவள் நிமிர்ந்து, தேடிப் பார்த்தது யார் முகத்தை என்று நினைக்கிறீர்கள்? துஷாந்தினியின் முகத்தைத்தான். மடி வெறுமையாக, சுருட்டிய பாயை நெஞ்சோடு பிடித்தபடி அவள் நின்றாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தை யசோதினிக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பின்னேரங்கள் அவளே அதை அணிந்துகொண்டு இதே வாசலில் நின்றிருக்கிறாள்.

"இத்தன மாசத்துல எங் கைய ஒருநாளும் அவளாப் புடிச்சதில்லக்கா," என்றாள் துஷாந்தினி, மெதுவாக.

இதைக் கேட்பதற்காக யசோதினி ஒரு காலத்தில் தன் உயிரையே கொடுத்திருப்பாள். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அது நாக்கில் தேனாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் தொண்டையில் இறங்க மறுத்தது.

"நாளைக்கு நான் கொஞ்சம் சுணங்கித்தான் வருவேன், துஷா," என்றாள்.

"ஏன், வெறகுக்குப் போறீங்களா?"

"இல்ல. சும்மாதான். நீ வச்சிரு கொஞ்ச நேரம்."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு துஷாந்தினி அவளை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பழைய சொல் இன்னும் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் பார்த்தாள்.

"வேணாங்க்கா," என்றாள். "நேரத்தோட வாங்க. அவ இப்பெல்லாம் வாசலப் பார்த்துக்கிட்டே இருக்கா. நீங்க காணல, நான் தெனம் காங்கிறேன்."

பெரியவர்களின் பேச்சுக்காகக் காத்திருக்கும் பழக்கம் ஆர்த்திகாவுக்குக் கிடையாது. தாயின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு குழாயடிக்கு இழுத்தது.